பெயர் எழுத முடியாத கடைப் பலகைகள்

என் அம்மா ஒன்பது ஆண்டுகள் இட்லிக் கடை நடத்தினார். விழுப்புரம் மாவட்டத்தில், எங்கள் காலனியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஒரு கீற்றுக் கொட்டகை. காலனிக்கும் ஊருக்கும் நடுவிலேயே நல்ல முச்சந்தி இருந்தது. நடந்துபோகிற தூரம்தான், வாடகையும் குறைவு. அங்கே ஏன் கடை போடவில்லை என்று பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒருமுறை கேட்டேன். "அங்க போட்டா நம்மாளுங்க மட்டும்தாண்டா சாப்பிடுவாங்க. தினமும் கடையில வாங்கித் திங்க அவங்ககிட்ட காசு ஏது?" என்றார். அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் சந்தை பற்றி நிறையப் படித்துவிட்டேன். அம்மா சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களைத் தாண்டிப் பெரிதாக எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடைக்குப் பெயர் கிடையாது. தகரப் பலகையில் 'டிபன் ரெடி' என்று மட்டும் எழுதியிருந்தது. லாரி ஓட்டுநர்கள், வெளியூர்ப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் எல்லாம் சாப்பிட்டார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் சிலர் வந்தார்கள். அம்மா எந்த ஊர், எந்தத் தெரு என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாத வரையில் வியாபாரம் நடந்தது.

நான்காவது ஆண்டில் ஒரு தொண்டு நிறுவனம் அம்மாவுக்கு மாவரைக்கும் கிரைண்டர் கொடுத்தது. நல்ல கிரைண்டர், அம்மாவின் தோள்வலி பாதியாகக் குறைந்தது. அதன் மேல் கையகல ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். 'நலிவுற்ற பட்டியலின மகளிர் வாழ்வாதாரத் திட்டம்' என்று அதில் எழுதியிருந்தது. கடைக்கு வந்து, கிரைண்டர் பக்கத்தில் அம்மாவை நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சில வாரங்களில் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். யாரும் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை தவறாகப் பேசவுமில்லை. சாலையின் எதிர்ப்பக்கம் இருந்த கடைக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். ஸ்டிக்கரைக் கிழித்தால் அடுத்த முறை ஆய்வுக்கு வருகிறவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று அம்மாவுக்குப் பயம். கிரைண்டரைத் திருப்பி, ஸ்டிக்கர் சுவரைப் பார்த்து இருக்கும்படி வைத்தார். கடையை மூடும்வரை அது அப்படியேதான் இருந்தது.

'புறக்கணிக்கப்பட்ட சமூகங்களுக்கான சிறுதொழில்', 'விளிம்புநிலை மக்களுக்கான சேவை' என்ற சொற்களை எங்கே கேட்டாலும் சுவரைப் பார்த்து நின்ற அந்தக் கிரைண்டர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கடனும் மானியமும் பயிற்சியும் கொடுத்துவிட்டால் தலித்துகள் தொழில்முனைவோர் ஆகிவிடுவார்கள் என்று அரசும் நிறுவனங்களும் பேசுகின்றன. பிரச்சினை தலித்துகளிடம் பணமில்லாதது மட்டும்தானா? வாங்குகிறவர் யார், கடன் கொடுக்கிறவர் யார், உதவி செய்கிற நிறுவனத்தில் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்ற மூன்று கேள்விகளிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடாத எந்தத் திட்டமும் சுவரைப் பார்த்து நிற்கிற கிரைண்டராகத்தான் முடியும்.

சாதி சிலருக்கு முதல், சிலருக்குக் கடன்

தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் கடைவீதியில் நடந்து பாருங்கள். ஐயர் மெஸ், நாடார் ஸ்டோர், கவுண்டர் மெஸ், தேவர் ஹோட்டல், செட்டியார் நகை மாளிகை. தெருவின் பெயரிலிருந்து சாதிப் பின்னொட்டை எடுக்க இந்த மாநிலத்தில் அரசாணையே வந்தது. கடைப் பலகையில் அது விளம்பரமாக இன்றும் ஒளிவிட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் சுத்தம், ருசி, நம்பிக்கை என்று வாடிக்கையாளரிடம் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. காசு கொடுக்காமல் கிடைத்த விளம்பரம் அது. அதே வீதியில் பறையர் மெஸ், அருந்ததியர் டிபன் சென்டர் என்று ஒரு பலகையைக் கற்பனை செய்து பாருங்கள். உங்களுக்குள் ஒரு கணம் ஏற்படும் திடுக்கிடலை அளந்தால் இந்தச் சந்தையின் இலக்கணம் விளங்கிவிடும். நம்மவர்களின் கடைகளுக்குச் சாமி பெயரோ குழந்தையின் பெயரோ இருக்கும், அல்லது அம்மாவின் கடையைப் போலப் பெயரே இருக்காது.

ஒருவருக்கு முதலாக இருக்கும் சாதி இன்னொருவருக்குத் தீராத கடனாக இருக்கிறது. தலித் தொழில்முனைவோரைப் பல மாநிலங்களில் சந்தித்து ஆய்வு செய்த அசீம் பிரகாஷ், 'தலித் கேப்பிடல்' என்ற நூலில் விரிவாகக் காட்டுவதும் இதைத்தான். தொழில் தொடங்குவதிலிருந்து சரக்கு எடுப்பது, கடன் பெறுவது, விற்பது வரை ஒவ்வொரு படியிலும் சாதி குறுக்கே நிற்கிறது. சந்தைக்குச் சாதி தெரியாது என்று பாடப்புத்தகம் வேண்டுமானால் சொல்லலாம்.

உணவு என்று வந்துவிட்டால் இது இன்னும் வெளிப்படையாகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் ஓர் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். அவர் அரசு ஊழியர் என்பதாலும், இயக்கங்கள் வீதிக்கு வந்ததாலும் வழக்குப் பதிவானது. அரசுச் சமையற்கூடத்திலேயே இந்த நிலை என்றால், சொந்தமாக உணவுக்கடை வைக்கும் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

சட்டத்தைப் பார்ப்போம். அரசியலமைப்பின் 15(2) பிரிவு, சாதியின் பெயரால் யாரையும் கடைகளுக்குள்ளும் பொது உணவகங்களுக்குள்ளும் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்ற சொல்லைப் பரந்த பொருளில் பயன்படுத்தியிருப்பதாகவும், சேவையை விலைக்குக் கொடுக்கிற எவரும் அதில் அடங்குவர் என்றும் அம்பேத்கர் விளக்கினார். சவரக் கடையும் சலவைக் கடையும் அப்படித்தான் சட்டத்துக்குள் வந்தன. கடைக்குள் நுழையும் தலித்துக்கு இந்தச் சட்டம் அரண். கடை வைத்திருக்கும் தலித்துக்கு? 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினர் மீதும் பழங்குடியினர் மீதும் பொருளாதாரப் புறக்கணிப்பை ஏவுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஊர் கூடித் தீர்மானம் போட்டு, 'அவன் கடையில் வாங்காதே' என்று சொன்னால் வழக்குப் போடலாம். சொல்லாமலே எதிர்க்கடைக்கு நடந்துபோகிறவர்களை எந்தப் பிரிவின் கீழ் கொண்டுவருவது? தீண்டாமை இங்கே வாடிக்கையாளரின் விருப்பம் என்ற நாகரிகமான பெயரில் வாழ்கிறது.

வங்கிக் கதவு

2013-14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் தனிநபர்களுக்குச் சொந்தமான தொழிலகங்களில் பட்டியல் சாதியினரிடம் இருந்தவை சுமார் 11.4 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். இந்த இடைவெளியைவிடப் பெரிய இடைவெளி எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆள் வைத்து நடத்தும் தொழிலகமும் கணக்கில் ஒன்று, கணவனும் மனைவியுமாக உழைக்கும் தள்ளுவண்டியும் ஒன்று.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டம். 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. நாட்டின் 1.25 லட்சம் வங்கிக் கிளைகளில் ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச் வரையிலான நிலவரமாக ஒன்றிய அரசே வெளியிட்ட கணக்கு இது: மொத்தக் கடன்கள் 1,80,636. அவற்றில் பட்டியல் சாதிப் பிரிவில் 26,889, பழங்குடிப் பிரிவில் 8,960. இரண்டையும் கூட்டினால் 35,849. ஏழு ஆண்டுகளில் ஒரு கிளைக்கு ஒருவர் என்ற இலக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. திட்டத்தைப் பாராட்டி வந்த அறிக்கையிலேயே இந்த எண்கள் இருந்தன. அவற்றைக் கூட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டவர்கள்தான் குறைவு.

வங்கி மேலாளர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர் கேட்கும் காகிதங்களுக்குள்தான் வரலாறு இருக்கிறது. சொத்துப் பிணையம் கேட்கிறார். சொத்து எங்கே? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வழங்க ஆணையிடப்பட்ட பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி பிறர் கையில் இருக்கிறது. அதை மீட்கக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு உயிர்களைப் பறிகொடுத்தோம். நிலத்தைப் பறித்துக்கொண்ட சமூகம் பிறகு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நிலப் பத்திரம் கேட்கிறது. அம்மா கடன் கேட்டுப் போன கிளையில் முதல் கேள்வி எந்தத் தெரு என்பதுதான். பதிலைக் கேட்டதும், மகளிர் குழுவில் சேர்ந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். குழுக் கடன் போதவில்லை. மீதிக்குத் தண்டல்காரரிடம் போனார். நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு கொடுத்த தண்டல் அது. தெருவைக் கேட்காமல் கடன் கொடுத்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாடு அரசின் 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்' 2023இல் வந்தது. திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சமாக 1.5 கோடி ரூபாய் முதலீட்டு மானியம். கடனுக்கு 6 சதவீத வட்டி மானியம். இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத அளவு இது, வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் மானியம்தான் அரசு கொடுக்கிறது, கடன் வங்கியிடமிருந்துதான் வர வேண்டும். அதே கவுண்டர், அதே கேள்வி. இந்தத் திட்டத்தில் சென்னைக் குடிநீர் வாரியத்தோடு ஒப்பந்தம் செய்து, துப்புரவுப் பணியாளர்களைக் கழிவுநீரகற்று வாகனங்களின் உரிமையாளர்களாக்கியிருக்கிறார்கள். மலக்குழிக்குள் இறங்கிச் செத்துக்கொண்டிருந்தவர்கள் இயந்திரத்துக்கு உரிமையாளராவதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. உயிர் காக்கும் மாற்றம் அது. அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர் உறுதியாகக் கிடைக்கும் ஒப்பந்தம் நமக்கு ஏன் கழிவுநீரில் மட்டும் இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது? விடுதிகளுக்கு அரிசி, மருத்துவமனைகளுக்கு உணவு, அலுவலகங்களுக்குக் கணினி என்று அரசு வாங்கும் மற்றவற்றில் ஏன் கிடைப்பதில்லை?

பயனாளி என்ற சொல்

தொண்டு நிறுவனங்களுக்கு வருவோம். சாதி ஒழிப்புக்கும் தொண்டுக்கும் பழைய உறவு உண்டு. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழ'னைத் தொடங்கினார். கோலார் தங்கவயல் தொழிலாளர்களின் காசு அந்த இதழைத் தாங்கியது. ரங்கூனில் தொழில் செய்து பொருளீட்டிய மதுரைப் பிள்ளை அதைச் சமூகப் பணிக்குக் கொட்டினார். சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். அங்கே கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மக்கள். யாரும் யாரையும் 'பயனாளி' என்று அழைத்ததில்லை.

இன்று நம் மக்களுக்காக இயங்கும் எத்தனை நிறுவனங்களின் அறங்காவலர் குழுவில் நம் மக்கள் இருக்கிறார்கள்? களப்பணியாளர் நம்மவர், ஒருங்கிணைப்பாளர் சில இடங்களில் நம்மவர். காசோலையில் கையெழுத்திடுகிறவர், நன்கொடையாளரிடம் பேசுகிறவர், ஆண்டறிக்கை எழுதுகிறவர் வேறொருவர். அறிக்கையில் 'நலிந்த பிரிவினர்' இருப்பார்கள், சாதி இருக்காது. ஸ்டிக்கரில் மட்டும் சாதி இருக்கும். சாதியை எங்கே எழுத வேண்டுமோ அங்கே எழுதாமல், எங்கே எழுதக் கூடாதோ அங்கே எழுதுகிற வேலை இது.

நம்மவர்களே நடத்தும் சிறிய அமைப்புகளின் கழுத்தைச் சட்டமும் நெரிக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம், ஒரு நிறுவனம் பெற்ற நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெரிய நிறுவனத்துக்கு இது கூடுதல் காகித வேலை. டெல்லியில் அலுவலகமோ ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத ஆளோ இல்லாமல், பெரிய நிறுவனம் பிரித்துக் கொடுத்த நிதியில் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்து வன்கொடுமை வழக்குகளைப் பின்தொடர்ந்த மாவட்ட அளவிலான அமைப்புக்கு இது மூடுவிழா. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி பெருநிறுவனங்கள் தம் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் மரம் நடவும் ஸ்மார்ட் வகுப்பறைக்கும் எளிதாக வரும். ஆணவக் கொலை வழக்கில் சாட்சிகளைப் பாதுகாக்கும் வேலைக்கு வராது.

வேறு வழியே இல்லையா? சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த பாம்புத்தோல் வணிகத் தடையும் இருளர்களின் பிழைப்பை அடியோடு பறித்தன. அவர்களுக்கு 'மறுவாழ்வு' என்று தையல் இயந்திரம் கொடுத்திருக்கலாம். ராமுலஸ் விட்டேகர் போன்றவர்களின் முயற்சியில் 1978இல் உருவானதோ வேறொன்று. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடும் கூட்டுறவு. இருளர்கள் அதன் உறுப்பினர்கள். இந்தியாவின் பாம்புக்கடி மருந்துத் தயாரிப்புக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு நீண்டகாலம் இங்கிருந்துதான் போனது. சங்கத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறையின் அனுமதிக்காகக் காத்துக்கிடக்கும் துன்பம் இன்றும் உண்டு, சொர்க்கம் ஒன்றுமில்லை. இருந்தும் அங்கே மூன்று விஷயங்கள் சரியாக அமைந்தன. சமூகத்தின் அறிவை இழிவாகப் பார்க்காமல் அறிவாகவே மதித்தார்கள். உடைமை உறுப்பினர்களிடம் இருந்தது. மருந்து நிறுவனங்கள் என்ற, சாதி பார்த்து ஒதுங்க முடியாத வாங்குபவர் இருந்தார்.

கோடீசுவரர்கள் வேண்டுமா?

"தலித் முதலாளி வந்தால் சாதி ஒழிந்துவிடுமா?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2005இல் மிலிந்த் காம்ப்ளே தலித் தொழில் வர்த்தக சபையைத் தொடங்கிய காலத்திலிருந்தே ஆனந்த் தெல்தும்டே போன்றவர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். அம்பேத்கரே 1938இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகளைச் சுட்டினார். பத்துப் பேர் கோடீசுவரர் ஆவதால் சேரி விடுதலையாகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் நான் பேசுவது கோடீசுவரர்களைப் பற்றியல்ல. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியபோது, தண்ணீர்ப் பற்றாக்குறையைத் தீர்க்கவா போனார்? பொது இடத்தில் சமமாக நிற்கும் உரிமைக்காகப் போனார். கடைவீதியும் பொது இடம்தான். அங்கே வாங்குகிறவராக நிற்கப் போராடினோம், இரட்டைக் குவளையை எதிர்த்து இன்றும் போராடுகிறோம். விற்கிறவராக, சொந்தப் பெயரோடு நிற்பது அந்தப் போராட்டத்தின் மறுபாதி. ஊர்த் தெருவில் கூலிக்குப் போகாமல் பிழைக்க முடிகிற குடும்பம், ஊர்க்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் முடிகிற குடும்பம். வன்கொடுமை வழக்குகளில் பிறழ்சாட்சிகள் எப்படி உருவாகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு ஓர் இட்லிக் கடையின் அரசியல் மதிப்பு தெரியும்.

எனவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். ஒன்று, அரசுக் கொள்முதல். 2012இன் ஒன்றிய அரசுக் கொள்முதல் கொள்கை, பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு தொழிலகங்களிடம் 4 சதவீதம் வாங்கச் சொல்கிறது. அந்த 4 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2002 போபால் பிரகடனத்திலேயே இந்தக் கோரிக்கை எழுந்தது. கர்நாடகம் சட்டத் திருத்தம் செய்து சிறிய அரசு ஒப்பந்தப் பணிகளில் இடஒதுக்கீடு கொடுத்திருக்கிறது. சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாடு ஒப்பந்தங்களிலும் கொள்முதலிலும் மக்கள்தொகைக்கேற்ற பங்கைச் சட்டமாக்கட்டும். இரண்டு, வங்கிகள் கிளைவாரியாக எத்தனை பட்டியல் சாதியினரின் விண்ணப்பங்களைப் பெற்றன, எத்தனையை நிராகரித்தன, என்ன காரணம் சொன்னன என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும். மூன்று, நம் பெயரில் நிதி பெறும் ஒவ்வொரு நிறுவனமும் தன் அறங்காவலர் குழுவின் சமூகப் பின்னணியை வெளியிடட்டும்.

வாசிக்கிற இளைஞர்களுக்கும் வேலை இருக்கிறது. உத்யம் பதிவு இலவசம், அதற்கும் நம் அம்மாக்களிடம் ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். திட்ட அறிக்கை எழுதவும் படிவம் நிரப்பவும் தெரிந்த நீங்கள் வாரத்தில் ஒரு மாலையைக் காலனியில் செலவிடலாம். வேலை பார்க்கும் நிறுவனத்தில் சாப்பாடு யாரிடம் வாங்குகிறோம் என்று கேட்கலாம். நண்பர் நடத்தும் தொண்டு நிறுவனத்தில் கையெழுத்து யாருடையது என்றும் கேட்கலாம். நட்பு கொஞ்சம் கசக்கும், பரவாயில்லை.

அம்மா கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கிரைண்டர் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. ஸ்டிக்கர் வெளுத்துவிட்டது, கூர்ந்து பார்த்தால் இன்னும் படிக்கலாம். போன பொங்கலுக்கு மாவரைத்துக்கொண்டிருந்தபோது, திரும்பக் கடை வைத்தால் பலகையில் என்ன எழுதுவாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எம் பேரை எழுதுனா என்னவாம்?" என்றார். பிறகு அவரே, "முச்சந்தியில வச்சாத்தான்" என்றார்.